பாதிக் கிணறும் இரண்டு மோட்டார்களும்

சென்ற வாரம் எங்கள் வீட்டுக் கிணறு வற்றிப்போனது. ‘எங்கள்’ என்று முழுசாகச் சொல்லிக்கொள்ள முடியாது. மயிலாப்பூரில் சில வீடுகளில் உள்ளதுபோல, காம்பவுண்டுச் சுவர் கிணற்றின் நடுவே போகிறது. பாதி எனக்கு. மறுபாதி அடுத்த வீட்டு அண்ணாச்சிக்கு. பாண்டி பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர்.

சுவர் மேலேதான். அடியில் தண்ணீருக்கு ஏது சுவர்?

கோடை ஆரம்பத்தில் அண்ணாச்சி மோட்டார் வைத்தார். விடலாமா? நானும் வைத்தேன். அந்தப் பக்கம் ‘டர்ர்’ என்றால் போதும்... என் கை ஸ்விட்சுக்குப் போய்விடும். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து சாக்கடைக்கு ஓடும். ஓடட்டுமே, அண்ணாச்சிக்குப் போகவில்லையே! அவர் தொட்டியும் வழிந்துகொண்டுதான் இருந்தது.

கோவைப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் மைத்துனர், “பக்கத்துத் தோட்டத்துக்காரன் கிணத்தை வெட்டி ஆழமாக்கினான், நானும் வெட்டினேன், இப்ப ரெண்டு பேருக்கும் தண்ணி இல்லீங்க மாப்பிள்ளை” என்று புலம்பியபோது சிரித்தவன் நான்.

திங்கட்கிழமை இரண்டு மோட்டார்களும் சேற்றை உறிஞ்சி நின்றுவிட்டன. மெக்கானிக் காதர் பாய் இரண்டையும் ஒரே கைவண்டியில் ஏற்றிப் போனார். தெருக் குழாயிலோ சொட்டுத்தான். பிரசவத்துக்கு வந்து கைக்குழந்தையோடு இருக்கும் என் பெண் வசந்தா, “குழந்தையைக் குளிப்பாட்டக்கூடத் தண்ணி இல்லே. நான் மதுரைக்கே கிளம்பறேம்ப்பா” என்று பெட்டியை எடுத்துவிட்டாள். பேரனை இன்னும் சரியாகத் தூக்கக்கூடப் பழகவில்லையே நான்!

வியாழக்கிழமை காலை, சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டினச் சத்தம். கூடவே அண்ணாச்சி மனைவியின் குரல்: “வசந்தா, வாளியைப் போட்டுப் பாரும்மா... தண்ணி ஊறியிருக்கு!”

நானே ஓடிப்போய்ப் போட்டேன். ‘தொப்’ என்று விழுந்தது. கொஞ்சம் கலங்கல்தான். வடிகட்டிக் காய்ச்சி ஊற்றியதும் பேரன் அழுத அழுகை இருக்கிறதே... அப்பாடா! பெட்டி பரணுக்குப் போனது.

இப்போது இரு வீட்டிலும் கயிறும் வாளியும்தான். தண்ணீர் குறையவே இல்லை. கை வலித்தால் ‘போதும்’ என்று தோன்றிவிடுகிறது. ஸ்விட்சுக்கு வலிக்குமா?

நேற்று காதர் பாய் வந்தார். “மோட்டார் ரெடியா கீது சார். எப்போ எட்த்துக்கினு வர்றது?”

“அவசரமே இல்லை பாய். உங்க கடையிலேயே இருக்கட்டும்.”

பாய் தலையைச் சொறிந்தார். “இன்னா சார் இது... அண்ணாச்சியும் இதேதான் சொல்றாரு!”