துப்பக்கா

"முழுங்கிடாதீங்க, துப்புங்க."

பேருந்தில் பழம் தின்றுகொண்டிருந்த அந்த மனிதரை அக்கா அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவர் முகத்துக்கு நேரே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த மனிதர் மிரண்டுபோய்த் துப்புகிறார். அக்கா கொட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது எங்கிட்ட ஏற்கெனவே இருக்கு, பரவாயில்ல, நீங்களே வெச்சுக்கங்க" என்று அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப்போகிறார்.

அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் அவருக்கு ஓர் அறை. மேல்மாடியில் எலும்புப் பிரிவில் இருக்கும் எங்களுக்கு அவர் துப்பக்கா. துப்பு என்றால் தடயம் என்றும் அர்த்தம் உண்டல்லவா? அதனால் அவருக்குக் கோபம் வருவதில்லை. நிலக்கரிச் சுரங்கத்து மண்ணைச் சலித்தால், மனிதர் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பு உதிர்ந்த பழங்களின் கொட்டைகள் கறுத்துப்போய்க் கிடைக்கும். இலையும் பூவும் மக்கிப் போயிருக்கும். எந்த மரத்துடையது என்று எப்படிச் சொல்வது? இன்றைக்கு உயிரோடிருக்கும் மரங்களின் கொட்டைகளைப் பக்கத்தில் வைத்து ஜாடை பார்க்க வேண்டும். அதற்காகத்தான் சுவர் முழுக்க மெல்லிய இழுப்பறைகள், அவற்றில் விதைக் குப்பிகள். பாதி அவர் காடு மேடெல்லாம் அலைந்து பொறுக்கியவை. மீதி, மற்றவர்கள் துப்பியவை.

ஒரு கறுப்புக் கொட்டைக்கு மட்டும் வருஷக்கணக்காக ஜாடை கிடைக்கவில்லை. கடலை அளவு, முதுகில் மூன்று வரப்பு, ஒரு பக்கத்தில் முளை வெளியே வருவதற்கான குட்டிக் கதவு. அக்கா அதை 'அனாதை' என்பார். வம்சமே அழிந்த மரம் என்று எழுதி முடித்துவிடச் சொன்னார் இயக்குநர்.

"செத்துப்போச்சுன்னு சொல்றது சுலபம் சார். சொந்தக்காரங்களைத் தேடாம எப்படிச் சொல்றது?"

"மாசக் கடைசி வரைக்கும் தேடுங்க. அப்புறம் நான் எழுதிடுவேன்."

அந்த மாதம்தான் அக்காவின் தம்பிக்குச் சம்பந்தம் பேசப் போனார்கள். நடந்ததைத் தம்பியே என்னிடம் சொன்னார். நாற்பதைத் தொட்ட மனிதர், சொல்லும்போது ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.

பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற நீதிபதி. கொல்லையில் அவர் எப்போதோ நட்ட ஒரு காட்டு மரம் அந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்திருந்தது. பறவைகள் தின்றது போக ஒரே ஒரு பழம் மிச்சம். பேச்சுக்கு நடுவே அதை வாயில் போட்டுக்கொண்டார். சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையை உதட்டு நுனிக்குத் தள்ளினார். மூன்று வரப்பு.

"முழுங்கிடாதீங்க!" என்று அக்கா போட்ட கூச்சலில் நீதிபதி திடுக்கிட்டு விழுங்கிவிட்டார்.

அக்கா கொல்லைக்கு ஓடி, நல்ல உடுப்போடு மண்டியிட்டு மரத்தடி மண்ணைக் கிளறினார். ஒன்றும் இல்லை. சேறு படிந்த கையோடு திரும்பி வந்து, மிகுந்த பணிவோடு சொன்னார்: "கவலைப்படாதீங்க. நாளைக்கு வந்துடும்."

"எது?"

"கொட்டை."

நீதிபதியின் மனைவி எழுந்துவிட்டார். "என்னங்க கேக்கறாங்க இவங்க?"

அக்கா கைபேசியில் அனாதையின் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினார். நீதிபதி வயிற்றைத் தடவிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "ஆக, உள்ள இருக்கறது சாட்சி?"

"ஒரே சாட்சிங்க."

"இந்தச் சம்பந்தமே வேண்டாம்!" என்றார் பெண்ணின் அம்மா. அப்போது பக்கத்து அறையிலிருந்து பெண் வாய்விட்டுச் சிரித்த சத்தம் கேட்டது. "அப்பா, ரெண்டு டம்ளர் வெந்நீர் குடிச்சிட்டுப் படுங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் அக்கா அந்த வீட்டுக்குத் தொலைபேசினார். மத்தியானமும் தொலைபேசினார். தம்பி தலையில் அடித்துக்கொண்டார். "பொண்ணு கேட்ட வீட்டுக்கு போன் பண்ணி வயிறு சுத்தமாச்சான்னு யாராவது கேப்பாங்களா அக்கா?"

"நான் மரியாதையாத்தானேடா கேட்டேன்?"

அதற்கடுத்த நாள் நீதிபதியே அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டார். கோட்டு, டை, கையில் வெல்வெட் மோதிரப்பெட்டி. வழி கேட்டவரை நான்தான் அடித்தளத்துக்குக் கூட்டிப்போனேன். பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி, "நானே கழுவினேன்" என்றார்.

"வயித்துல போய் வந்ததுதாங்க சுத்தமா இருக்கும். சதை துளிகூட ஒட்டாது. அந்தக் காலத்துலயும் ஏதாவது மிருகம் இப்படித்தான்…" அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி."

சம்பந்தி என்ற சொல்லை நீதிபதி ஆட்சேபிக்கவில்லை. "என் பொண்ணு ரெண்டு நாளா சிரிச்சிட்டே இருக்கா. சரின்னுட்டா. அவ அம்மாவைத்தான் இன்னும் வழிக்குக் கொண்டுவரணும்."

அது அக்காவின் காதில் விழுந்ததா தெரியவில்லை. கண் நுண்ணோக்கிக்குப் போய்விட்டது. ஒரே தட்டில் கறுப்பு ஒன்று, வெளுத்தது ஒன்று. வரப்புகளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கதவின் கீல் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"அழியல. உங்க கொல்லையில நிக்குது" என்றார்.

நீதிபதி கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மூச்சுவிடாமல் பார்த்தார்.

"இதுல எது என்னுது?"

"வெளுத்தது."

அக்கா இடுக்கியை எடுத்தார். வெளுத்த கொட்டையை வலிக்காமல் தொடுவதுபோல் பிடித்து, அதன் நல்ல பக்கம் மேலே தெரியும்படி சற்றே திருப்பி வைத்தார்.