பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸ் ஜாதகம்

அந்த அறையின் நாற்றத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மேலமாசி வீதியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது அது, கம்ப்யூட்டர் ஜாதக நிலையம். தூசி ஆகாது என்று செருப்பை வெளியே விடச் சொல்வார்கள். ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். உள்ளே ஏசி. வெயிலில் நடந்து வந்த கால்களின் வியர்வை, சூடம், ஊதுபத்தி, உரிமையாளர் வெற்றிலைச் சாற்றைத் துப்பி வைக்கும் டம்ளர் எல்லாம் சேர்ந்து அந்தக் குளிரில் அசையாமல் நிற்கும். மானிட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். கீபோர்டுக்குள் திருநீறு இறங்கி சில எழுத்துகள் அமுக்கினால் எழும்பாது. தீக்குச்சியால் கிளறி எடுப்பேன். தூசி மட்டும் ஆகாது.

நான் வாடிப்பட்டிப் பக்கத்துக்காரன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள். பசுமலைக் கல்லூரியில் கணக்குப் பாடம் படித்துவிட்டு வேலைக்கு அலைந்தவனுக்கு, கம்ப்யூட்டரைத் தொடுகிற வேலை என்றதும் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. "எம் மகன் கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். அதில் என்ன செய்கிறேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் சிவப்பாக எட்டு என்று ஒளிரும். பக்கத்தில் டர்போ என்று ஒரு பொத்தான். அமுக்கினால் எட்டு பன்னிரண்டாகும். அந்தப் பொத்தான்தான் உரிமையாளருக்குப் பிழைப்பு. சாதா ஜாதகத்துக்கு ஒரு கட்டணம், டர்போ ஜாதகத்துக்கு இரட்டிப்பு.

"எட்டுல பாத்தா மேலோட்டமாத்தான் தெரியும்ணே" என்பார் வந்தவர்களிடம். "பன்னெண்டுல போட்டா பூர்வ ஜென்மம் வரைக்கும் தோண்டிக் குடுத்துரும்."

வந்தவர்கள் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுவார்கள்.

மெஷினோடு வந்த புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததே நான்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். உள்ளே ஒரு சின்னப் படிகம் துடிக்கிறது. துடிப்புக்குத் துடிப்பு பிராசஸர் தன் வேலையில் ஓர் அடி நகர்கிறது. மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்குப் பத்து லட்சம் துடிப்பு. எட்டு பன்னிரண்டாகும்போது அடிகள் வேகமாக விழுகின்றன, போகிற பாதை மாறுவதில்லை. நம்பிக்கையில்லாமல் என் பிறந்த நேரத்தையே இரண்டு வேகத்திலும் போட்டு, இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்று. கணக்குத்தான் சற்று முன்னால் முடிந்தது. பிரிண்டர் இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் முனகி முனகி இழுத்தது.

ஏதோ பெரிய உண்மையைக் கொண்டு போவது போல உரிமையாளரிடம் போனேன்.

"அண்ணே, ரெண்டும் ஒண்ணுதான்ணே. வெரசா முடியும், அம்புட்டுத்தான்."

டம்ளரில் துப்பிவிட்டுச் சிரித்தார். "இதக் கண்டுபிடிக்கவா மாப்ள உங்கப்பன் உன்னையக் காலேசுக்கு அனுப்புனாரு? எனக்குத் தெரியாதாக்கும்?"

அறியாமல் செய்கிறார் என்று நினைத்திருந்தவரை எனக்கு அவர்மேல் வருத்தம்தான் இருந்தது. அன்றைக்கு அவர் கொடுத்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகுதான் எழுமலையிலிருந்து விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி தன் மகளோடு வந்தார். பெண்ணுக்கு அவளுடைய அத்தை மகனையே பேசியிருந்தார்கள். அவளுக்கும் விருப்பம். ஊர் ஜோசியர் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை, கட்டினால் மாப்பிள்ளை உயிருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் வேறு சொல்லாதா என்று வந்திருக்கிறார்கள்.

எட்டில் போட்டேன். ரஜ்ஜு இல்லை என்றே வந்தது. அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்திருந்தது.

"கலங்காதீங்கண்ணே, டர்போல ஒருக்காப் போட்டுருவோம்" என்ற உரிமையாளர், என் காதுப் பக்கம் குனிந்தார். "பையன் பொறந்த நேரத்தக் கொஞ்சம் தள்ளிப் போடு. நட்சத்திரம் மாறிரும். அவுகளும் சந்தோசமாப் போவாக."

வெற்றிலையும் புகையிலையும் கலந்த அந்த மூச்சு என் கன்னத்தில் ஈரமாகப் பட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த நாற்றத்தைவிடச் சகிக்க முடியாதது, அவர் சொன்னதில் பாதி சரியாக இருந்ததுதான். ரஜ்ஜுவை நான் நம்பவில்லை. இரண்டு எண்ணை மாற்றினால் அந்தப் பெண் நினைத்தவனையே கட்டிக்கொள்வாள். மாற்றாவிட்டால் கல்யாணம் நின்றுவிடும். ஆனால் மாற்றினால் டர்போ ஜாதகம் ஜெயித்ததாக எழுமலை முழுக்கப் பரவும், இன்னும் பத்துப் பேர் வயல் வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வருவார்கள்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "ஐயா, உங்க கிணத்துல மோட்டார் இருக்கா?"

"இருக்கு தம்பி. மூணு எச்.பி."

"அதக் கழட்டிட்டு அஞ்சு எச்.பி. போட்டா என்னாகும்?"

"தண்ணி வெரசா ஏறும்."

"உப்புத் தண்ணி நல்ல தண்ணியாகுமா?"

அவர் துண்டை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிவப்பு எண்ணைப் பார்த்தார். விவசாயிக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

"சின்னப் பையண்ணே, வேலைக்குப் புதுசு" என்று உரிமையாளர் என்னை நாற்காலியோடு நகர்த்திவிட்டு, தானே உட்கார்ந்து எண்களைத் தட்டினார். ஊதுபத்திச் சாம்பல் ஒட்டிய விரலால் பொத்தானை அமுக்கினார். பிரிண்டர் இழுத்தது. ரஜ்ஜு உண்டு.

அந்த மனிதர் தாளை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. புரிந்துகொண்டே நீட்டினார்.

"இருக்கட்டும் தம்பி" என்றார் என்னைப் பார்க்காமல். "எந் தங்கச்சிகிட்டக் காட்ட ஒரு காயிதம் வேணும்ல."

அதுவரை வாய் திறக்காத பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது வேணாம்ப்பா."

"ஏந் தாயி, உனக்காகத்தான..."

"பொய்யின்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாளைக்கு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட நீங்க என் மூஞ்சியத்தான் பாப்பீக. தெரிஞ்சே கட்டிவச்சமேன்னு பாப்பீக. கட்டிக்குடுக்குறதுன்னா காயிதமில்லாமக் கட்டிக்குடுங்க. இல்லையா, விட்ருங்க."

அவர் மகளின் கையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் எழுந்து, முதலில் எட்டில் வந்த தாளை மட்டும் மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இத உங்க அத்தகிட்டயே காட்டுவோம். அவ மகன்தான? பயந்தா அவ பயப்படட்டும். எனக்குச் சம்மதம்" என்றார் மகளிடம். பிறகு என்னிடம், "நான் வாரேன் தம்பி" என்றார்.

அந்த அத்தை என்ன சொன்னாள், கல்யாணம் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குவதற்குள், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. பல் இடுக்கில் சிக்கிய பாக்கைத் துழாவிக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னார். அவர்கள் வேண்டாமென்று விட்டுப்போன தாளைத் திருப்பி, அதன்மேல் சுண்ணாம்பு டப்பாவை வைத்தார். கதவைத் திறந்து, வெளியே காத்திருந்த குடும்பத்தைப் பார்த்து, "வாங்க, வாங்க. எட்டுலயா, பன்னெண்டுலயா?" என்று கேட்டார்.

அவர்கள் பன்னிரண்டு என்றார்கள்.