சூனியக்காரி சாப்பிட்ட குக்கி

அமெரிக்காவில் சான் ரமோனுக்குக் குடிவந்து எங்களுக்கு அது முதல் ஹாலோவீன். நானும் என் சின்ன மகள் நிலாவும் சாக்லேட் குக்கி சுட்டு, வெள்ளை ஐசிங்கில் பேய் முகம் வரைந்து, தட்டோடு வாசலில் நின்றோம். பேய் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வந்த பிள்ளைகள் ஆசையாகக் கை நீட்டினார்கள். பெற்றோர்களோ சிரித்தபடியே அவர்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு தமிழ்ப் பெண் மட்டும் தயங்கி நின்று சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்க. தெரியாதவங்க வீட்ல செஞ்சதை இங்க யாரும் வாங்க மாட்டாங்க. கடை பாக்கெட்னாதான் சேஃப்."

எனக்குச் சுருக்கென்றது. "என் கோஸ்ட் நல்லா இல்லையாம்மா?" என்று கேட்டாள் நிலா.

அப்போது எதிர்வீட்டு அமெரிக்கப் பெண்மணி, சூனியக்காரி வேடத்திலேயே தெருவைக் கடந்து வந்தார். அதுவரை நாங்கள் பேசியதுகூட இல்லை. நிலாவிடம் கேட்டு ஒரு குக்கியை எடுத்து, அங்கேயே நின்று நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேய் உள்ளே கூச்சல் போடுகிறது என்று அவளிடம் ஆங்கிலத்தில் முறையிட்டார். நிலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதன்பிறகும் வேறு யாரும் வாங்கவில்லை. அவர்கள் பயம் நியாயம்தான். இப்போது நானும் பாக்கெட் சாக்லேட்தான் கொடுக்கிறேன். இருந்தாலும், முன்பின் தெரியாத ஒருவர் என்னை நம்பிச் சாப்பிட்ட அந்த மாலையில்தான், இதுவும் நம் ஊர் என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது.