எதிரே ஆளில்லாத இறுதிப் போட்டி

அறுபதுகளின் நடுப்பகுதி. தேற்றாத்தீவிலிருந்து வந்து, நாவற்குடாவில் ஓர் அறை எடுத்துத் தங்கி, மட்டக்களப்பில் ஆசிரியையாக இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டால் பேச ஆள் கிடையாது. வாவிக்கரையில் இருந்த ஒரு கிளப்பின் டென்னிஸ் மைதானம்தான் எனக்கு ஒரே போக்கிடம்.

அங்கே வருடா வருடம் பெண்களுக்கென்று ஒரு டென்னிஸ் போட்டி நடக்கும். முன்பெல்லாம் திருகோணமலையிலிருந்துகூடப் பெண்கள் வந்து இறங்குவார்களாம். பிறகு வெள்ளைக்காரத் துரைமாரின் மனைவிமார் கப்பலேறிவிட்டார்கள். நம் பெண்களோ கலியாணமானதும் மட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். நான் பெயர் கொடுத்த வருடம் மிஞ்சியது இரண்டே பேர். நானும் ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தியும். நேரே இறுதிப் போட்டி! வெற்றியோ தோல்வியோ, ஒருதரமாவது முறையான ஆட்டம் ஆடிவிட வேண்டும் என்று தவம் கிடந்தேன்.

அன்று பின்னேரம் வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றால், தாதியின் அண்ணன் சைக்கிளில் வந்து சேதி சொன்னார். "அவளப் பொண் பார்க்க வாறாங்க. வெயில்ல நிண்டு கறுத்துப்போவாள் எண்டு அம்மா விடுறா இல்ல."

கிளப் செயலாளர் கோப்பையை என் கையில் திணித்து, "நீங்கதான் சாம்பியன், டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சீட்டாட உள்ளே போய்விட்டார். கைதட்டக்கூட ஒருவரில்லை. வலைக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்கப் பார்க்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஓரத்து வாங்கில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். சீட்டாட வரும் அதிகாரி ஒருவரின் மனைவி. கணவர் எழும்பும்வரை அப்படியே காத்திருப்பார். அதுவரை நான் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்தான் எழுந்து வந்தார்.

"அழாதீங்க பிள்ள. இவர் வர நேரமெடுக்கும். வாங்க, நான் அடிக்கிறன்."

செருப்பைக் கழற்றிவிட்டு, கிளப் மட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்றார். ஏதோ சும்மா தட்டுவார் என்று நினைத்தேன். அம்மாடி! மூலைக்கு மூலை பந்தை அனுப்பி என்னை ஓட ஓட விரட்டினார். மூச்சிரைக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். தனியறைக்குக் குடிவந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். கடைசியில் படுதோல்வி எனக்கு!

கோப்பையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இத வீட்ட கொண்டுபோக ஏலாது பிள்ள. ஏது எண்டு கேட்டா மறுகா நான் என்ன சொல்றது?"

உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுத்தார். சேலையை உதறிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் கணவரின் பின்னால் போய்விட்டார்.

சில மாதங்களில் அவர்களுக்கு இடமாற்றம் வந்தது. அடுத்த வருடம் போட்டி நடக்கவில்லை. அதன்பிறகு எப்போதுமே நடக்கவில்லை, ஏன் என்று கேட்கவும் ஆளில்லை. நான் மட்டும் பின்னேரங்களில் கிளப் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் யாருக்காகவோ காத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கண்டால், யாருடைய மனைவி என்று விசாரிக்க எனக்கு வாய் வருவதில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீங்க என்ன விளையாடுவீங்க?" என்றுதான் கேட்கிறேன்.