அவிழ்க்க மறந்த காப்பு

இது ராத்திரியில் நடந்ததல்ல. பட்டப்பகல், ஓடுகிற பஸ், உள்ளே ஐம்பது பேர். பேய் என்றால் சுடுகாடும் பன்னிரண்டு மணியும் வேண்டும் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நடந்தது நடந்ததுதான். சௌந்தரராஜன் அந்த பஸ் டிக்கெட்டை இன்னும் வைத்திருக்கிறான்.

2006, மாசி மாதம். அவனுக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். மனைவி வினிதாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. இரண்டு வாரமாக ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு அவள் இறங்கவில்லை. டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இனி எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

நோய் தெரிந்த புதிதில் வினிதா ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். பிழைத்தால் கர்நாடகத்து மாதேஸ்வரன் மலைக்கு வெறுங்காலோடு நடந்தே வருகிறேன் என்று. அன்றைக்கே கையில் மஞ்சள் காப்பும் கட்டிக்கொண்டாள். அவள் எழுந்து நடப்பது எப்போது? நடையை நாம் முதலில் முடித்துவிட்டால் சாமிக்கு வேறு வழி இருக்காது என்று நினைத்தான் இவன். பாவம், மூழ்குகிறவனுக்கு எது கிடைத்தாலும் கட்டைதான்.

கூட வேலை பார்க்கும் பேரிகை ஊர்க்காரர் திம்மப்பன் வருஷா வருஷம் ஆள் சேர்த்துக்கொண்டு அந்த மலைக்கு நடப்பவர். அவர்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து வினிதாவின் கையிலிருந்து காப்பைக் கழற்றினார். இவன் கையில் கட்டும்போது தயங்கினார்.

“வேண்டிக்கினது உன் பொண்டாட்டி. நடக்கறது நீ. சாமி ஒத்துக்குமா தெரியலப்பா.”

“எனக்கு வேற வழி தெரியலண்ணே.”

கட்டிவிட்டார். மலையில் சாமி கும்பிட்டதும் அவரே அதை அவிழ்ப்பார். அவிழ்த்தால்தான் நடை முடிந்ததாகக் கணக்கு. அதுவரை நடந்துகொண்டே இருப்பதாகத்தான் அர்த்தம்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, காடு, ஒகேனக்கல்லில் பரிசல், மறுபடியும் காடு. நான்கு நாள். சனிக்கிழமை காலை 10.40க்கு மலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

குளத்தில் கால் கழுவினார்கள். எல்லார் பாதத்திலும் கொப்புளம், முள், ரத்தம். சௌந்தரராஜன் தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தான்.

ஒரு கீறல் இல்லை. மண்கூட ஒட்டவில்லை.

“இன்னாப்பா, நடந்து வந்தியா, பறந்து வந்தியா?” என்று திம்மப்பன் சிரித்தார். அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரத்தில் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

சாமி ஏற்றுக்கொண்டது என்று நினைத்தான் சௌந்தரராஜன். சந்தோஷத்தில் அழுகை வந்தது. கும்பிட்டு முடித்ததும், மற்றவர்கள் காப்பு அவிழ்க்க உட்கார்ந்த நேரத்தில் இவன் டெலிபோன் பூத்துக்கு ஓடினான். மணி 11.50. ஆஸ்பத்திரியில் வினிதாவுக்குத் துணையாக இருந்த அவள் தங்கை பொற்கொடி செல்லை எடுத்தாள்.

“அத்தான், சீக்கிரம் வாங்க. நாலு நாளா காலு எரியுது, காலு எரியுதுன்னு அழுதுக்கிட்டே கெடக்கா. பாத்தா ஒரு பொட்டுக் காயமில்ல.”

வெளியே மேட்டூர் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினான். ஜன்னல் வழியாகப் பார்த்தால், திம்மப்பன் நொண்டிக்கொண்டே பஸ்ஸின் பின்னால் ஓடி வருகிறார். மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார். நேரமாகிவிட்டது, சீக்கிரம் போ என்கிறார் என்று நினைத்து இவன் தலையாட்டினான்.

12.05. பஸ் வளைவுகளில் இறங்கியது.

12.20. தப்... தப்... தப்...

வெறுங்கால் சத்தம். நான்கு நாள் கேட்டுக் கேட்டுக் காதில் தங்கிவிட்டது என்று முதலில் நினைத்தான்.

பஸ் வேகம் எடுத்தது. சத்தமும் வேகம் எடுத்தது.

திரும்பிப் பார்த்தான். பின்னால் வெறும் ரோடு.

“அண்ணே, பின்னாடி யாரும் ஓடியாராங்களா?”

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “யாரும் இல்ல. உக்காருப்பா.”

12.50. பாலாறு செக்போஸ்ட் தாண்டிப் புதுத் தார் போட்டிருந்தார்கள். வெயிலில் பளபளத்தது. சத்தம் மாறியது. சப்... சப்... ஒட்டி, பிய்த்துக்கொண்டு, மறுபடி ஒட்டி...

கூடவே மூச்சு. இழுத்து, இழுத்து...

அந்த மூச்சு அவனுக்குத் தெரியும். கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு ராத்திரி ராத்திரியாகக் கேட்ட மூச்சு.

கையைப் பார்த்தான்.

மஞ்சள் காப்பு.

திம்மப்பன் எதைத் தட்டிக் காட்டினார் என்று அப்போதுதான் புரிந்தது.

முடிச்சை இழுத்தான். வரவில்லை. நகத்தால் நெம்பினான். வரவில்லை. பல்லால் கடித்தான்.

சப்... சப்...

சப்...

நூல் அறுந்தது.

சத்தம் இல்லை.

மணி 1.02.

அறுந்ததால் நின்றதா, நின்ற பிறகு அறுந்ததா, இன்றுவரை அவனால் சொல்ல முடியவில்லை.

பஸ் மாறி மாறி ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர இரவு ஒன்பது ஆகிவிட்டது. வினிதா மதியம் ஒரு மணி வாக்கில் போய்விட்டிருந்தாள். பொற்கொடி அழக்கூட இல்லை. அவனை உள்ளே கூட்டிப்போய்ப் போர்வையின் கால்பக்கத்தைத் தூக்கினாள்.

“கட்டில விட்டு எறங்கவே இல்ல அத்தான். நான் பக்கத்துலதான் இருந்தேன். மூச்சு நின்னதுக்கு அப்புறம்தான் காலு இப்படி...”

பாதம் முழுக்க உடைந்த கொப்புளம். குதிகாலில் முள். விரல் இடுக்கில் காட்டுச் செம்மண். அதன் மேல் கறுப்பாக எதுவோ அப்பியிருந்தது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தும் போகவில்லை என்றாள் பொற்கொடி.

சௌந்தரராஜன் விரலால் தொட்டுப் பார்த்தான்.

தார். இன்னும் காயவில்லை.