இருவரின் விரல்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நடந்தது இரவில் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அதனால் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்ய முடியாது. விரலால் தொட்டேன். அதை எங்கே கூப்பிட்டாலும் வந்து சத்தியமாகச் சொல்வேன்.

என் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்களைப் போன்றவர்கள் கணினியில் இருப்பதைப் படிக்க ஒரு பிரெய்ல் கருவி உண்டு. ஒரு முழ நீளப் பலகை. அதில் வரிசையாக நாற்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பொடி ஊசிகள் மேலெழும்பி எழுத்தாக நிற்கும். விரலால் தடவிப் படிப்போம். அந்தப் பலகையையும் கணினியையும் சேர்த்து வைக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். இணையத்தில் யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்த்துத் திருத்தம் அனுப்பலாம். நான் அதில் எழுத்துப்பிழை பார்ப்பவன். கணினி வாய்விட்டுப் படிக்கும்போது ஓர் எழுத்து இடம் மாறியிருந்தாலும் சோற்றில் கல் மாதிரி எனக்குத் தட்டுப்பட்டுவிடும். என் மாமியார் அக்கம்பக்கத்தில், "மாப்பிள்ளை லீவு நாள்ல டிரைவர் வேலையும் பாக்கறார்" என்று சொல்லி, பலரைக் கதிகலங்க வைத்திருக்கிறார்.

அந்த வாரம் ஒரு பழைய டிரைவரில் இருபத்துமூன்று பிழைகளைத் திருத்தியிருந்தேன். இருபத்திரண்டு சாதாரண எழுத்துப்பிழைகள். கடைசி ஒன்று மட்டும் வாசகப் பிழை. நிரலுக்கு நடுவே, படிக்கிற மனிதர்களுக்காக யாரோ எழுதி வைத்த குறிப்பு அது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'படிக்கும் இருவரின் விரல்களும் இருந்தால், வரியை நகர்த்தாதே.'

ஒரு பலகையை இருவர் எப்படிப் படிப்பார்கள்? எழுதியவருக்கு இலக்கணம் தகராறு என்று நினைத்துக்கொண்டேன். 'படிப்பவரின் இரு விரல்களும்' என்று மாற்றினேன். இந்த மாதிரிக் குறிப்புகளை இயந்திரம் படிப்பதே இல்லை. அதனால் மாற்றினாலும் ஒன்றும் ஆகாது.

அனுப்புவதற்கு முன் உண்மையான கருவியில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். அந்த டிரைவருக்குப் பொருந்தும் பழைய மாடல் எனக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான் இருந்தது. எங்கள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில், உடைந்த நாற்காலிகளும் பழைய கணினிகளும் போட்டு வைக்கும் அறையில்.

வாட்ச்மேன் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

"நாலு மணிக்குத்தான் பூட்டுவேன் சார். வெளிய பெஞ்சுலயே இருக்கேன். ஒரு குரல் குடுங்க, போதும்."

கதவு சாத்தப்பட்டது. என் பேசும் கடிகாரம் 2:10 என்றது.

கருவியை மடிக்கணினியில் இணைத்தேன். ஊசிகள் 'டக்' என்று எழுந்தன. திருத்திய வரிகளை ஒவ்வொன்றாக விரலுக்குக் கொண்டுவந்து படித்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. 2:34-க்கு இருபத்துமூன்றாவது வரி வந்தது. படித்து முடித்து, அடுத்த வரிக்கான பொத்தானை அழுத்தினேன்.

வரி நகரவில்லை.

மறுபடி அழுத்தினேன். ம்ஹூம்.

இந்த டிரைவரில் ஒரு சோதனை வசதி உண்டு. விரல் எந்தக் கட்டத்தில் படுகிறதோ, அந்த எண்ணைக் கணினி உரக்கச் சொல்லும். அதை இயக்கினேன்.

"மூன்று" என்றது. என் இடது ஆள்காட்டி விரல் மூன்றாவது கட்டத்தில்தான் இருந்தது. சரி.

"முப்பத்தொன்று."

என் வலது கை மடியில் இருந்தது.

தூசியாக இருக்கும். கைக்குட்டையால் பலகையை முழுக்கத் துடைத்தேன். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டேன். இப்போது கணினி வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

"முப்பத்தொன்று…"

ஒரு மூச்சு விடும் நேரம்.

"முப்பது…"

விரல் நகர்ந்தால்தான் எண் மாறும். தூசி நகராது.

எழுந்தேன். என் தடியை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனேன். கைப்பிடியைத் திருகினேன். அது சுலபமாகத் திரும்பியது. கதவு மட்டும் அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். சுவரைத் தள்ளுவது போல இருந்தது.

"வாட்ச்மேன்!"

பதில் இல்லை. தடியால் கதவை அடித்தேன். பத்து அடி இருக்கும். அந்த அறையில் என் குரலே எனக்குப் பஞ்சில் சுற்றியது போலக் கேட்டது. போனில் சிக்னல் இல்லை. மணி 2:41.

பின்னால், மேஜையிலிருந்து…

"இருபத்துநான்கு… இருபத்துமூன்று…"

வலமிருந்து இடமாக வந்துகொண்டிருந்தது. நான் விரல் வைத்திருந்த பக்கத்துக்கு.

"பதினேழு… பதினாறு…"

கதவோடு ஒட்டி நின்றேன். இந்த எண்ணிக்கை ஒன்றுக்கு வந்துவிட்டால்? அதற்கப்புறம் பலகையில் கட்டம் இல்லை. அது எங்கே வரும்?

அப்போதுதான் உறைத்தது. வரி ஏன் நகரவில்லை… இருவரின் விரல்கள் இருந்தால் நகர்த்தாதே.

அந்தக் குறிப்பில் பிழையே இல்லை.

"பதின்மூன்று…"

திரும்பிப் போவதா? அதன் பக்கத்துக்கா? ஆனால் கதவும் திறக்கவில்லையே. தடியால் தரையைத் தட்டித் தட்டிப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். இடது விரலை வைத்தேன்.

"ஏழு" என்றது. அது நான்.

"பன்னிரண்டு." அது நான் இல்லை.

வலது கையால் தட்டச்சு செய்தேன். திருத்தியதை அழித்தேன். பழைய வாசகத்தை ஒவ்வொரு எழுத்தாக…

"பத்து…"

அவசரத்தில் ஓர் எழுத்து தப்பாக விழுந்தது. அழித்தேன்.

"ஒன்பது…"

'இருவரின்'…

"எட்டு."

என் நகத்தின் ஓரத்தில்…

இன்னொரு நகம்.

சில்லென்று இருந்தது. லேசாக உரசியது. அப்படியே நின்றது.

விரலை எடுக்காமல் மிச்ச வாசகத்தை அடித்து முடித்தேன்.

சேமித்தேன்.

அமைதி.

"ஒன்பது… பத்து… பதினொன்று…"

விலகிப் போனது. அவசரமில்லாமல், படித்துக்கொண்டே போவது போல. நாற்பது வரை போனது. பிறகு குரல் நின்றது. ஊசிகள் 'டக்' என்று எழுந்தன. வரி தானாக நகர்ந்திருந்தது.

மணி 2:52. கதவு ஒரு விரலால் தள்ளியதும் திறந்துகொண்டது.

வாட்ச்மேன் பெஞ்சில்தான் இருந்தார்.

"ஏங்க, அவ்வளவு கத்தினேனே… கதவ ஒடைக்கற மாதிரி அடிச்சேனே!"

"ஒண்ணும் கேக்கலையே சார். ஏதோ படிச்சுக் காட்டற சத்தம்தான் வந்துச்சு. நீங்க ஒரு வரி, அவங்க ஒரு வரின்னு. கூட யாரோ வந்திருக்காங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்துட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் கையைத் தொட்டுப் பார்த்து, "என்னங்க, ஒரு வெரல் மட்டும் இப்படி ஜில்லுன்னு இருக்கு?" என்றாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அன்று சாயங்காலமே இருபத்திரண்டு திருத்தங்களை மட்டும் அனுப்பினேன்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. கருவியில்தான் கோளாறு என்று யாராவது சொல்லிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமே. புதன்கிழமை, நூலகத்துக் கருவிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். மற்றதை எல்லாம் சொல்லவில்லை. வலது பக்கம் தொடாமலே எண் சொல்கிறது என்று மட்டும் சொன்னேன்.

எந்த மெஷின் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

"சார், வெரல் பட்டாக் கண்டுபிடிக்க உள்ள ஒரு பட்டை இருக்கும். அந்த மெஷின்ல அது கெடையாது. ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் கழட்டி வேற மெஷினுக்குப் போட்டேன்."

"வலது பக்கம் மட்டுமா?"

"மொத்தமாவே சார். நீங்க தொட்டதே அதுக்குத் தெரிஞ்சிருக்காது."