மீன்தொட்டிக்குப் பூட்டுப் போட்ட ரெங்கராஜ்

திருவெறும்பூர் வெல்டிங் பட்டறைகளில் ரெங்கராஜைப் பற்றிக் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். இரும்பில் அவன் வைத்த பற்று விடாது. அவன் விட்ட அறை மறக்காது. மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம். சத்திரம் பஸ்ஸில் காலை மிதித்துவிட்டான் என்று ஒருத்தனுக்கு முன்பல்லைக் கழற்றிக் கையில் கொடுத்தான். அளவு தப்பு என்று சொன்ன சூப்பர்வைசர் மேல் சுடச்சுட இரும்புத் துண்டை வீசினான். அந்த ஆளின் காதோரம் தழும்பு இன்னும் இருக்கிறது. அளவு நிஜமாகவே தப்புதான், அது வேறு கதை.

வெளியில் இப்படி என்றால் வீட்டில் கேட்கவா வேண்டும்! ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்தில் இரண்டு அறை வாடகை வீடு. மனைவி விஜயராணி, எட்டு வயது மகள் சுபஸ்ரீ. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டு பறக்கும். போன பொங்கலுக்கு மறுநாள் ஏதோ பேச்சு வளர்ந்து, அவன் கதவை ஓங்கிச் சாத்த, விஜயராணியின் மோதிர விரல் நிலையில் சிக்கி ஒடிந்தது. வேணுமென்று சாத்தவில்லை என்று இன்றைக்கும் சாதிப்பான். விரல் இன்றைக்கும் கோணல்தான்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவள் அழவில்லை, சத்தமும் போடவில்லை.

"இதோட முடிஞ்சுதுங்க. இனிமே இந்த வீட்ல யாரு மேல கை வெச்சாலும் நானும் பாப்பாவும் உங்ககூட இருக்க மாட்டோம். மிரட்டல்னு நினைச்சுக்காதீங்க. சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

அவள் கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான். கத்தாததால் பயந்துவிட்டான். அந்த இரண்டு பேரையும் விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? ராஜகோபுரத்துக்கு நேரே கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தான். அவளும் சரி என்றாள்.

சத்தியம் செய்தாயிற்று, ஆனால் துறுதுறுக்கிற கையை எங்கே கொண்டுபோய் வைப்பது? பாலக்கரையில் வளர்ப்பு மீன்கடை வைத்திருக்கும் ஆசீர்தான் நாலடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை அவன் தலையில் கட்டினான். மீன் அவனுக்கு ரெண்டே நாளில் சலித்துப்போனது. பிடித்துக்கொண்டது மேலே மிதந்த செடி. மிதக்கும் பெரணி. ஒற்றை ரூபாய் அகலத்துக்கு இலை, மேலெல்லாம் பூனை முடி, அடியில் தாடி மாதிரி தொங்குகிற வேர். ஒரு கை அள்ளிப் போட்டது பதினைந்து நாளில் பாதித் தொட்டியை மூடியது.

"இதுக்கு மண்ணு வேணாம், உரம் வேணாம்ணே," என்று ஆசீர் சொல்லி அனுப்பியிருந்தான். "தலை மட்டும் நனையக் கூடாது. மேலேயிருந்து தண்ணி சொட்டிச்சுன்னா அழுகிடும்."

ரெங்கராஜ் எதைத்தான் முழுசாகக் காதில் வாங்கியிருக்கிறான்! உரம் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொண்டான். இருந்தாலும் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்கு மூச்சு சீராக வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பட்டறையிலிருந்து வந்ததும் தொட்டி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவான். ஏழு மாதம் யார் மேலும் கை படவில்லை. சுபஸ்ரீ அவன் மடியில் தூங்கக்கூட ஆரம்பித்திருந்தாள்.

ஆவணியில் விஜயராணியின் தம்பி அருள்ராஜ் முசிறியிலிருந்து வந்து சேர்ந்தான். சத்திரம் பக்கம் செல்போன் கடையில் வேலை. ரூம் கிடைக்கிற வரைக்கும் இங்கே ஜாகை, படுக்கை தொட்டி இருந்த முன்னறையில். அவன் வந்த வாரமே செடியில் நாலைந்து இலை கறுத்தது. தண்ணீர் குறைந்தபோதெல்லாம் ரெங்கராஜ் சொம்பால் மொண்டு இலை தலையிலேயே ஊற்றியதுதான் காரணம். அவனுக்கு அது தோன்றுமா? யாரோ தொட்டியில் கை அலம்புகிறார்கள் என்று முடிவு கட்டினான். யாரோ என்ன யாரோ, மச்சினன்தான்!

வேறு யாராக இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். இவன் வெல்டர் அல்லவா, இவனுக்குத் தெரிந்த மருந்து இரும்பு. பட்டறையில் உட்கார்ந்து நாலடிக்குச் சட்டம் அடித்து, நாலு அங்குலத்துக்கு ஒரு கம்பி குறுக்கே வைத்துப் பற்றவைத்து, மேலே கண்ணாடி பதித்து, கொண்டியும் வைத்து, பித்தளைப் பூட்டும் மாட்டிக் கொண்டுவந்தான். உலகத்திலேயே மீன்தொட்டிக்குப் பூட்டுப் போட்டவன் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். ஒரு சாவி அரைஞாண் கயிற்றில். இன்னொன்று பெருமாள் படத்துக்குப் பின்னால்.

மூடி போட்ட பிறகு செடி இன்னும் வேகமாகக் கறுத்தது. அப்படியானால் மச்சினன் பெருமாள் படத்துச் சாவியை எடுக்கிறான்! ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்டைத் திறந்து பார்த்தபோது செடியில் பாதிக்கு மேல் கறுத்துக் கிடந்தது.

"என்னடா போட்டே இதுல?"

அருள்ராஜ் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "நான் அதைத் தொடவே இல்லை மாமா."

"சாவி எடுத்தியா இல்லையா?"

"ஐயோ, நான் ஏன் மாமா எடுக்கப்போறேன்? ஒரு பாசிக்குப் போயி பூட்டு போட்டுட்டு..." சொல்லிக்கொண்டே சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்புதான் வினை. திறந்த பூட்டு ரெங்கராஜின் கைக்குள்ளேயே இருந்தது. பூட்டோடு சேர்த்து மூடிய முஷ்டி காதில் இறங்கியது. அருள்ராஜ் சுவரில் மோதிச் சரிந்தான். எழுந்திருக்க விட்டானா? இல்லை. முட்டியை நெஞ்சில் ஊன்றிக்கொண்டு, கண் மண் தெரியாமல் அதே பக்கத்தில் திரும்பத் திரும்ப அடித்தான். ரத்தம் தெறித்துத் தொட்டிக் கண்ணாடியில் வழிந்தது. "மாமா, மாமா" என்ற சத்தம் மூன்றாவது அடியோடு நின்றுபோனது. சமையலறையிலிருந்து ஓடிவந்த விஜயராணி அவன் முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவளையும் உதறித் தள்ளினான். வாசல்படியில் சுபஸ்ரீ பால் பாக்கெட்டோடு நின்றிருந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான் கை நின்றது.

 விஜயராணி புடவைத் தலைப்பால் தம்பியின் காதை அமுக்கி, அவனைக் கைத்தாங்கலாக எழுப்பி, மகளையும் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள். மூச்சு வாங்கத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற ரெங்கராஜ் அப்போதுதான் செடியைச் சரியாகப் பார்த்தான்.

கறுப்பு தாறுமாறாக இல்லை. கோடு கோடாக இருந்தது. நூல் பிடித்த மாதிரி, நாலு அங்குலத்துக்கு ஒரு கோடு. மூடியை மெல்ல மேலே சாத்தினான். ஒவ்வொரு கம்பிக்கும் நேர் கீழே ஒரு கறுப்பு. கம்பியின் அடிவயிற்றில் ஆவி கோத்து, துருவோடு சேர்ந்து, ஒரு சொட்டு இலை மேல் விழுந்தது. பிறகு இன்னொன்று. அளந்து பற்றவைத்தவன் அவனேதான், அந்த அளவு அவனுக்குத் தெரியாதா! அடப் பாவி மனுஷா, இதற்கா ஒருத்தன் காதைக் கிழித்தாய்?  ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

உள்ளே விடவில்லை. கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்தான். திரைக்கு அந்தப்பக்கம் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"எப்படி ஆச்சு?" என்றார் லேடி டாக்டர்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் மேடம்," என்றான் அருள்ராஜ், வாய் குழறியபடி.

திருச்சியில் எத்தனை பாத்ரூம்கள் இப்படி வழுக்கியிருக்கின்றனவோ! பொங்கலின்போது விஜயராணியும் காற்றில் கதவு அடித்தது என்றுதான் இங்கே எழுதவைத்தாள். ரெங்கராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூடியை உடைத்துக் காயலான் கடையில் போட்டுவிடுவது, மச்சினன் காலில் விழுவது, இவளை எப்படியாவது சமாதானம் செய்வது. மனசு மளமளவென்று கணக்குப் போட்டது.

"காது ஜவ்வு கிழிஞ்சிருக்கு. தாடை எலும்புல விரிசல். விழுந்தா இப்படி ஆகாதே தம்பி?"



"விழல மேடம்," என்றாள் விஜயராணி. "அடிச்சாங்க."

"அக்கா, வேணாம்க்கா..."

"நீ சும்மா இரு."

"யாரும்மா அடிச்சது?"

"எங்க வீட்டுக்காரர்."

காகிதம் புரளும் சத்தம். "போலீஸுக்கு எழுதி அனுப்பணும். பேரு சொல்லுங்க."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ரேஷன் கடையிலோ ஸ்கூலிலோ புருஷன் பேரைக் கேட்டால் கார்டை நீட்டிக் காட்டுவாளே தவிர வாயால் சொன்னதில்லை. ஸ்ரீரங்கத்திலேயே குடியிருந்தும், வாய்தவறி அந்தப் பேர் வந்துவிடக் கூடாதே என்று சாமியைக்கூடப் பெருமாள் என்று மட்டும்தான் சொல்வாள்.

"ரெங்கராஜ்," என்றாள். "அப்பா பேரு மருதை."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான்.